கருப்பட்டி கேக்கும் ஐம்பது மாத்திரையும்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 51, பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை கேக் போடுவது அவருடைய அம்மா காலத்துப் பழக்கம். கணவருக்கு 56 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 7.9 சதவீதம். மாமியாருக்கு 77, சர்க்கரை இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நான்கு வயதில் ஒரு பேத்தி. எதைக் கீழே போட்டாலும் நக்கிவிடுகிற ஒரு நாய்.

கணவருக்காகச் சீனியை விட்டுவிட்டு முதலில் கருப்பட்டிக்கு மாறினாராம். உடன்குடிச் சரக்கு, கலப்படம் கிடையாது. ‘கருப்பட்டிதானே’ என்று அவர் மூன்று துண்டு சாப்பிட, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை மீட்டர் 268 காட்டியது. அடுத்த வாரம், காபியில் சீனிக்குப் பதிலாகப் போடுகிற சுக்ரலோஸ் மாத்திரை ஐம்பதைப் பொடித்து மாவில் கலந்தார். கேக் எழும்பவே இல்லை. ‘செங்கல் மாதிரி இருந்தது, இவர் மட்டும் எனக்காக இரண்டு துண்டு சாப்பிட்டார்’ என்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இப்போது எரித்ரிட்டாலும் ஸ்டீவியாவும் கலந்த மாற்று இனிப்புப் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து வைத்திருக்கிறார். அதைப் பிரிக்கலாமா, கூடாதா என்று வீட்டில் இரண்டு கட்சி.

கேள்விகள் இவை: கேக்குக்கு எந்த மாற்று இனிப்பு நல்லது? இயற்கையானது என்றால் தைரியமாகப் போடலாமா? புற்றுநோய் வரும் என்கிறார்களே? பேத்திக்குக் கொடுக்கலாமா? கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தில் ‘சுகர் ஃப்ரீ பிளம் கேக்’ கேட்கிறார்கள், போட்டு விற்கலாமா?

கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பும் இருந்தது: ‘அந்த மாத்திரைக் கேக் போட்ட அன்று இவர் கேக் போதும் என்று இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் படுத்துவிட்டார். பதினொரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி எழுந்தார். இன்னொரு துண்டு கேக் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.’

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஊர் வழக்கப்படி நானும் சீனி என்றே எழுதுகிறேன். சர்க்கரை என்று எழுதினால் நோயா, டப்பாவில் இருப்பதா என்று நானே சில சமயம் குழம்பிவிடுவேன். சர்க்கரை நோய்ப் பிரிவில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வீட்டில் கேக்கும் போடுகிறவள். அதனால் உங்கள் செங்கல் கேக்கைப் படித்துச் சிரித்தேன். பின்குறிப்பைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

முதலில் அந்தப் பின்குறிப்பு

உங்கள் கணவருக்கு அன்று இரவு வந்தது அநேகமாகத் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவது. கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பாட்டை விட்டுவிட்டார். வயிற்றில் இருந்தது சீனி இல்லாத கேக். சீனி இல்லை என்பதற்காகக் கேக்கைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைத்துக்கொண்டதுதான் கோளாறு.

அதைவிடக் கவலை, நடுங்கி எழுந்தவருக்கு நீங்கள் கொடுத்ததும் அதே கேக் என்பது. அதில் இருந்த மைதா மெதுவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றியிருக்கும். வெண்ணெய் அதையும் தாமதப்படுத்தியிருக்கும். அதனால்தான் அரை மணி நேரம் ஆனது. இன்னொரு நாள் அவ்வளவு அவகாசம் கிடைக்காமல் போகலாம். அந்த நேரத்தில் உடனே ரத்தத்தில் ஏறுகிற இனிப்பு வேண்டும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியையோ சீனியையோ அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இட்லியோ ரொட்டியோ கொஞ்சம் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

‘இப்போது எங்கள் வீட்டில் சீனியே கிடையாது’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பாட்டில் சீனி வாங்கி, அவர் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள். அந்த இரவில் நடந்ததை மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். இரவு மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கருப்பட்டிக்கு ஒரு நியாயம்

கருப்பட்டி நல்ல பொருள். மணம் இருக்கிறது, கொஞ்சம் தாதுக்கள் இருக்கின்றன, வெள்ளைச் சீனியைப் போலச் சுத்திகரித்தது இல்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேங்காய்ச் சர்க்கரை எல்லாமே அந்தக் குடும்பம். தேனில் சுக்ரோஸ் குறைவு; அதற்குப் பதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரிந்தே இருக்கின்றன. பேரீச்சம்பழத்தை அரைத்துப் போட்டால் நார்ச்சத்து கிடைக்கும், அத்தோடு அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையும் வரும்.

மீட்டர் 268 காட்டியதற்குக் கருப்பட்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ‘கருப்பட்டிதானே’ என்ற அந்த ஒரு சொல்தான் ஒரு துண்டை மூன்று துண்டாக்கியது. என்னிடம் வருகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை ஏறுவது இந்த ‘தானே’யால்தான். தேன்தானே, பழம்தானே, சுகர் ஃப்ரீதானே.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டால் சரியாகிவிடுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நார்ச்சத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மாவுச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஐம்பது மாத்திரை ஏன் தோற்றது

நீங்கள் எழுதிய அளவு: மைதா, சீனி, வெண்ணெய் மூன்றும் கால் கிலோ, முட்டை ஐந்து. இதில் 250 கிராம் சீனியை எடுத்துவிட்டு ஐம்பது மாத்திரை போட்டிருக்கிறீர்கள். இனிப்புக் கணக்கு சரிதான், ஒரு மாத்திரைக்கு ஒரு தேக்கரண்டி சீனி. ஆனால் அந்த ஐம்பதையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எடை சில கிராம்தான் இருக்கும். கலவையிலிருந்து கால் கிலோ காணாமல் போயிருக்கிறது.

அந்தக் கால் கிலோ இனிப்புக்கு மட்டும் இருந்ததில்லை. வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது சீனியின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறி உள்ளே காற்றை அடைக்கின்றன. கலவை வெளுத்துப் பொங்கி வருவது அதனால்தான். பேக்கிங் பவுடர் புதிதாகக் காற்றறைகளை உண்டாக்காது, ஏற்கெனவே இருப்பதைப் பெரிதாக்கும். நீங்கள் மாத்திரைப் பொடியோடு வெண்ணெயை எவ்வளவு நேரம் அடித்தீர்களோ தெரியாது, ஒரு மணி நேரம் அடித்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. அடுத்தது, சீனி தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. மைதாவின் பசைத்தன்மை இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. முட்டையும் மாவும் வெந்து கெட்டியாவதைத் தள்ளிப்போடுகிறது. அந்த இடைவெளியில்தான் கேக் எழும்புகிறது. சீனி இல்லாவிட்டால் எழும்புவதற்கு முன்பே இறுகிவிடும். மேலே பொன்னிறம் வருவதற்கும், மூன்று நாள் வைத்தாலும் காயாமல் இருப்பதற்கும் சீனிதான் காரணம்.

உங்கள் ஊர் மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளை, முந்திரி, சீனி, வேறொன்றும் இல்லை. அதில் சீனியை எடுத்துவிட்டால் நுரை நிற்காது. அதற்கு மாற்று தேடி யாரும் மெனக்கெட வேண்டாம். ஆசைப்பட்டால் உண்மையான மக்ரூனில் ஒன்றைச் சாப்பாட்டுக்குப் பின்னால் சாப்பிட்டுவிட்டு, அன்று சோற்றை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளட்டும்.

துண்டைப் பிரித்துப் பார்ப்போம்

உங்கள் கேக்கை 16 துண்டாக வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டில் சீனி 15 கிராமுக்குச் சற்று மேல். மைதாவிலிருந்து வரும் மாவுச்சத்து 12 கிராம் அளவு. இரண்டும் சேர்ந்து 27. அவர் சாப்பிட்ட மூன்று துண்டில் 80 கிராமுக்கு மேல் போகிறது. ஒரு முழுச் சாப்பாட்டுக்குச் சமம்.

சீனியை முற்றிலும் எடுத்துவிட்டாலும் துண்டுக்கு 12 கிராம் மாவுச்சத்து அப்படியே இருக்கும். ‘சுகர் ஃப்ரீ’ என்று மூன்று துண்டு சாப்பிட்டால் 36. சீனி போட்ட ஒரு துண்டைவிட அதிகம். மாற்று இனிப்பு விற்கிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தத் துண்டில் வெண்ணெயும் 15 கிராமுக்கு மேல் இருக்கிறது. கலோரி என்று பார்த்தால் சீனி கொடுப்பது 60 சொச்சம், வெண்ணெய் கொடுப்பது 110 சொச்சம். ஸ்டென்ட் வைத்த உங்கள் மாமியாருக்குச் சீனியை எடுத்துவிட்ட கேக்கை ‘இதயத்துக்கு நல்லது’ என்று கொடுக்கிறீர்களாமே! அவருக்குக் கவனிக்க வேண்டியது அந்த வெண்ணெய்.

இப்போது வேறு மாதிரி செய்து பார்க்கலாம். சீனியை 250-லிருந்து 175 கிராமாகக் குறையுங்கள். சாதாரணக் கேக்கில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சீனியைக் குறைத்தால் பதம் பெரிதாகக் கெடாது. நானே பலமுறை செய்திருக்கிறேன். ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுங்கள், ஏலக்காயோ சுக்கோ கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு. வாசனை நாக்கை ஏமாற்றும், குறைந்த சீனி தெரியாது. பிறகு 16 துண்டுக்குப் பதில் 24 துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டில் சீனி 7 கிராம் சொச்சம், மாவுச்சத்து 8 கிராம் அளவு, மொத்தம் 15. எந்தப் பாக்கெட்டும் இல்லாமல் 27 கிராம் 15 ஆகிவிட்டது. வெண்ணெயும் துண்டுக்குப் பத்து கிராமாக இறங்கிவிட்டது. மைதாவில் ஒரு பங்கை எடுத்துவிட்டு பாதாம் பொடி சேர்த்தால் மாவுச்சத்து இன்னும் குறையும். பாதாம் விலைக்கு அதை வாராவாரம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் மாற்று. எல்லோருக்கும் ஒரே கேக், தனிப் பாத்திரம் இல்லை, பேத்திக்குத் தனி விளக்கம் இல்லை.

மகன் வாங்கிவந்த பாக்கெட்

இருந்தாலும் பாக்கெட் வீட்டில் இருக்கிறது, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரித்ரிட்டால் சர்க்கரை ஆல்கஹால் வகை. பெயரில் ஆல்கஹால் இருப்பதால் உங்கள் மாமியார் பயந்தாராம். போதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சீனியில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீத இனிப்பு. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. கலோரி கிட்டத்தட்ட இல்லை. மாத்திரையைப் போல இல்லாமல் இதற்கு எடையும் பருமனும் உண்டு, அதனால் கேக்கில் கொஞ்சம் வேலை செய்யும். இனிப்புக் குறைவை ஈடுகட்டத்தான் ஸ்டீவியாவைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் முழுச் சீனிக்கும் பதிலாக அதைப் போட்டால் என்ன ஆகும் என்று என் வீட்டுச் சமையலறையில் பார்த்துவிட்டேன். சூட்டோடு சாப்பிட்டபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் வெட்டினால் கத்தி நறநறவென்றது. எரித்ரிட்டால் மறுபடி படிகமாகி, பல்லில் மணல் கடித்த மாதிரி. வாயில் புதினா மிட்டாய் போட்டது போல ஒரு குளிர்ச்சி வேறு. மேல்தோல் கடைசி வரை வெளிறியே இருந்தது. சிவக்கட்டும் என்று ஓவனில் விட்டுவைத்ததில் உள்ளே காய்ந்துபோனது. நீங்கள் போடுவதானால் சீனியில் பாதியை மட்டும் மாற்றுங்கள், மிக்ஸியில் மாவாக அரைத்துச் சேருங்கள், நிறத்தை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள்.

யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக அதில் கண்டார்கள். எரித்ரிட்டால்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. நம் உடலே கொஞ்சம் எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது என்ற சிக்கலும் அதில் இருக்கிறது. ஆனால் எரித்ரிட்டால் கூடும்போது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் கட்டிக்கொள்வதையும் அவர்கள் காட்டினார்கள். ஸ்டென்ட் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 77 வயதுப் பெரியவருக்கு இதைக் கொடுத்து என்ன லாபம்? ஒன்றும் இல்லை. லாபமே இல்லாத இடத்தில் சின்ன சந்தேகத்தைக்கூட நான் சுமக்கச் சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தச் சின்னத் துண்டு சாதாரணக் கேக் போதும். கணவருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறபடியால் இதயத்தை மறந்துவிட முடியாது. எப்போதாவது ஒரு துண்டு என்றால் நான் தடுக்க மாட்டேன், அதையே தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே வயிறு இளகலாம். சர்க்கரை ஆல்கஹால் அதிகமானால் அதுவும் வயிற்றைக் கலக்கும். இரண்டும் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போகும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற சுகர் ஃப்ரீ பிஸ்கட், சாக்லேட்டுகளில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹால் இருக்கும்; அது ரத்தச் சர்க்கரையைச் சீனியைவிடக் குறைவாகத்தான் என்றாலும் ஏற்றவே செய்யும். ‘ஒரு கரண்டி சீனிக்கு ஒரு கரண்டி’ என்று டப்பாவில் வரும் சுக்ரலோஸ் பொடியைப் புரட்டி மூலப்பொருள் வரியைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது மாவுச்சத்து, சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி சூட்டில் இனிப்பை இழந்துவிடும், ஓவனுக்கு உதவாது. ஸ்டீவியா சூட்டைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் கூடினால் கசக்கும். அதுவும் மாத்திரையைப் போல எடை இல்லாத சமாச்சாரம். சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் குளோரின் கலந்த வேண்டாத சேர்மங்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, மேல்தோல்தான் தாண்டும். போன வாரம் சாப்பிட்ட இரண்டு துண்டுக்காகப் பயப்பட வேண்டாம். ஆனாலும் அதைக் காபியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உவப்பு.

ஸ்டீவியாவும் சுக்ரலோஸும் உண்மையில் உதவுகிற இடம் ஓவனுக்கு வெளியே இருக்கிறது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கெட்டித் தயிரில் வனிலாவும் இரண்டு சொட்டு ஸ்டீவியாவும் கலந்து, மெலிதாக வெட்டிய கேக்கின் மேல் தடவிக் கொடுத்துப் பாருங்கள். ஐசிங் போட்ட மாதிரி இருக்கும். அங்கே சீனிக்கு இனிப்பைத் தவிர வேறு வேலை இல்லை, அதனால் மாற்று எடுபடும்.

நாய் இருக்கும் வீட்டில் ஒரு பெயர்

சைலிட்டால். சீனிக்கு நிகரான இனிப்பு, சீனியைப் போலவே பருமன், கேக்குக்கு நன்றாகவே வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் நாய்க்கு அது விஷம். மனிதருக்குச் செய்யாததை அது நாய்க்குச் செய்கிறது: இன்சுலினைக் கொட்டவைத்துச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். கொஞ்சம் போதும். மகன் வாங்கிவந்த பாக்கெட்டில் ‘கலவை’ என்று போட்டிருந்தால் மூலப்பொருள்களில் சைலிட்டால் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய் தப்பித் தவறித் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

இயற்கை, செயற்கை, புற்றுநோய்

ஸ்டீவியா நம் ஊரில் சீனித்துளசி என்ற பெயரில் தொட்டியில்கூட வளர்கிறது. ஆனால் பாக்கெட்டில் வருவது இலை இல்லை. இலையிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த பொடி. எரித்ரிட்டாலும் ஆலையில் நொதிக்க வைத்து எடுப்பது. ‘இயற்கை’ என்ற சொல் அட்டைப்பெட்டியின் அலங்காரம். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு போகிறது, யாருடைய உடலில் போகிறது என்று பாருங்கள்.

புற்றுநோய்ப் பயத்துக்குக் காரணம் 2023 ஜூலையில் வந்த செய்தியாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று போதாத, சந்தேகம் மட்டும் உள்ள பொருள்கள் போகும் பிரிவு அது. அதே நேரத்தில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. இரண்டாவது செய்தி வாட்ஸப்பில் சுற்றவில்லை. எப்படியும் நீங்கள் ஓவனில் அஸ்பார்டேம் போடப்போவதில்லை.

அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னதையும் உங்கள் தோழி அனுப்பியிருக்கிறார். உண்மைதான். ஆனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கணவர் காபியில் ஒரு மாத்திரை போடுவதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

பேத்திக்கு மாற்று இனிப்பு வேண்டாம். செயற்கை இனிப்பூட்டி டப்பாக்களில் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கவில்லை என்ற வரியே இருக்கும். நான்கு வயதுக் குழந்தைக்குச் சீனி குறைத்த கேக்கில் ஒரு சின்னத் துண்டு கொடுத்தால் போதும். நாக்கு இப்போதே அந்த அளவு இனிப்புக்குப் பழகட்டும்.

கிறிஸ்துமஸ் ஆர்டர்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராம் உணவில் சர்க்கரைகள் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பிளம் கேக்கில் என்ன போடுகிறீர்கள்? உலர்திராட்சை. அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பேரீச்சை. சீனிப்பாகில் ஊறிய டூட்டி ஃப்ரூட்டி. கருக்கிய சீனிப்பாகு. இதில் மேலே போடும் சீனியை மட்டும் எடுத்துவிட்டு ‘சுகர் ஃப்ரீ’ என்று சீட்டு ஒட்டினால் அது பொய். டூட்டி ஃப்ரூட்டி போட்ட பிறகு ‘சீனி சேர்க்காதது’ என்றும் சொல்ல முடியாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம், அதை வாங்கிப்போகும் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒருவர் உங்கள் சீட்டை நம்பி நான்கு துண்டு சாப்பிடுவார் என்பது. சர்க்கரை ஏறினால் அவருக்குக் காரணமே புரியாது. வீட்டிலிருந்து விற்பதானாலும் ஆணையத்தின் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு எடுத்துக்கொண்டு, ‘சீனி குறைத்த பிளம் கேக்’ என்று வாயால் சொல்லி, என்னென்ன எத்தனை கிராம் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள். பழங்களை ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் அதையும் எழுதுங்கள், சாற்றிலும் சர்க்கரை உண்டு. எரித்ரிட்டால் சேர்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

இனி உங்கள் வீட்டு மீட்டருக்கு வருவோம். வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிச் செய்து பாருங்கள். மதியச் சாப்பாட்டில் வழக்கமான சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு, சாப்பாட்டோடு சேர்த்து ஒரு துண்டு கேக். தனியாக நான்கு மணிக்கு வேண்டாம், சாப்பாட்டுக்குப் பதிலாகவும் வேண்டாம். முதல் வாரம் 175 கிராம் சீனி போட்டு 24 துண்டாக வெட்டியது. இரண்டாவது வாரம் அதில் பாதி சீனியை எரித்ரிட்டால் கலவையாக மாற்றியது, கணவருக்கு மட்டும். மூன்றாவது வாரம் கேக்கே இல்லாமல் வழக்கமான சாப்பாடு, முழுச் சோறு. மூன்று நாளும் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பாருங்கள். 180-க்குக் கீழே இருந்தால் அந்த ஏற்பாடு அவருக்கு ஒத்துப்போகிறது. முதல் வாரத்துக்கும் இரண்டாவது வாரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பாக்கெட்டை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்றாவது வாரம் வருகிற எண்தான் உங்களை ஆச்சரியப்படுத்தும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படி நடந்தால் அடுத்த கடிதத்தில் கேக்கை விட்டுவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்